34 கோட்ஸ் நாட்கள்

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது என் கையில் ஒரேயொரு சொப்பிங் பை இருந்தது. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் காணி உறுதி, அண்ணாவின் படம் ஒன்று. உடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் வழியில் போட்டுவிட்டு வந்தோம், அந்தப் பையை மட்டும் விடவில்லை. வன்னியில் அந்த நாட்களைக் கண்ட எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் 2019 தை மாதம் ஓர் இரவு, மகனைத் தூக்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியிறங்கினபோது கையில் ஒரு துண்டுக் கடதாசி கூட இருக்கவில்லை. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அலுமாரிக்குள். திறப்பு என் கணவரிடம். செல்லடிக்குள் ஓடப் பழகியிருந்தேன். சொந்த வீட்டிலிருந்து ஓட வேண்டி வரும் என்று நினைத்ததேயில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓர் ஊர், அவ்வளவு போதும். 2008இல் எனக்கு 19 வயது. விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பு இறுகியிருந்த நேரம். கல்யாணம் கட்டினால் தப்பலாம் என்று எத்தனையோ வீடுகளில் அவசரத் தாலி ஏறியது, என் கழுத்திலும் ஏறியது. பதிவு ஒன்றும் அப்போது செய்யவில்லை. பிறகு செட்டிகுளம் முகாம், 2010இல் மீள்குடியேற்றம், 2011இல்தான் விவாகப் பதிவு. 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கட்டம் கட்டமாக வரும். காசு காணாமல் நாங்களே மண் அரிந்து, கல் சுமந்து கட்டினோம். அவரும்தான் சுமந்தார். நல்ல காலமே இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. டிப்பர் ஓட்டப் போனார், குடி வந்தது, வவுனியாப் பக்கம் ஒரு தொடர்பு வந்தது, அடி வந்தது. 2018இல் லான்ட்மாஸ்டர் ஒன்று, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், லீசிங்கில் எடுத்தார். பிணைக் கையெழுத்து நான் வைத்தேன். "இதில ஒரு சைன் வை" என்றார், வைத்தேன். எத்தனை பக்கம், என்ன எழுதியிருக்கிறது, ஒன்றும் பார்க்கவில்லை.

அந்த இரவு அம்மா வீட்டுக்குப் போன நான் பொலிசுக்குப் போனது 11 நாட்களுக்குப் பிறகு. அதற்குள் முதுகிலிருந்த கண்டல் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தேவிட்டது. அங்கே இருந்தவர் கெட்டவரில்லை. ஆனால் எழுதிக்கொண்டே, "குடும்பப் பிரச்சினைதானே தங்கச்சி, பேசித் தீருங்கோ" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கூடக் குறித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து அவருடைய சட்டத்தரணி, "அடித்ததாகச் சொல்கிறீர்கள், எங்கே அத்தாட்சி?" என்று கேட்டபோது அந்த 11 நாட்களும் எனக்கு முன்னால் வந்து நின்றன. அடி விழுந்தால் அன்றைக்கோ மறுநாளோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். அவர்கள் தரும் படிவத்தோடு அரச வைத்தியசாலைக்குப் போய்க் காயங்களைப் பதியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். கணவனை உள்ளே போடுவதற்காக என்று நினைத்துத்தான் நாங்கள் பின்வாங்குகிறோம். அதற்காக இல்லாவிட்டாலும், "அவள் சும்மா வீட்டை விட்டுப் போனவள்" என்று நாளைக்கு யாரும் சொல்லாமல் இருப்பதற்கு அது வேண்டும்.

எனக்கு அப்போது தெரியாத இன்னொன்று, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நாங்கள் போய்க் கேட்கலாம், எங்களுக்காகப் பொலிசும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்பு. அடித்தவரை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கவும் நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. அதாவது படியிறங்க வேண்டியவள் நானாக இருந்திருக்கத் தேவையில்லை. இதை வாசிக்கிற ஒருத்திக்காவது இந்த ஒரு வரி உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் யாரும் கோட்ஸ், அதாவது நீதிமன்றப் பக்கம் போகச் சொல்லவில்லை. பெரியம்மா, "எடி பிள்ளை, அடிக்காத ஆம்பிளை ஆர்? குமர்ப்பிள்ளை வளருது, அதின்ர முகத்தைப் பார்" என்றா. மகளுக்கு அப்போது 9 வயது. மாமா இரண்டு தரம் போய்ப் பேசினார். அவர் வருகிறேன் என்றார், வரவில்லை. சித்திரைக்குள் பார்ப்போம், கோயில் திருவிழா முடியட்டும், நெல்லு வெட்டு முடியட்டும் என்று ஒரு வருடம் ஓடியது. நானும் உள்ளுக்குள் அதைத்தான் விரும்பினேன் என்பதை மறைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் படலையை எட்டிப் பார்ப்பேன்.

வெட்கமான ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பெண்கள்தான் குடும்பத் தலைவி. போரில் கணவனை இழந்தவர்கள். என் சிநேகிதியின் கணவர் முள்ளிவாய்க்காலில் செத்தவர். அவள் வீட்டுச் சுவரில் அவர் படத்துக்கு மாலை தொங்கும், ஊர் அவளை இரக்கத்தோடு பார்க்கும். நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என்னுடைய ஆள் உயிரோடு வேறு வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்க்கிற பார்வையில் இரக்கமில்லை, "இவளில என்ன பிழையோ" என்ற கேள்விதான். கடைக்காரர் சில்லறை தரும்போது கூட வித்தியாசமாகப் பார்ப்பதுபோல் இருக்கும். அந்தப் பொறாமையை அவளிடமே பிறகு ஒருநாள் சொன்னேன். சிரித்தாள். "எனக்கு உன்னைப் பார்த்துப் பொறாமை. உனக்குக் கோபிக்கவாவது ஒரு ஆள் இருக்கு" என்றாள்.

2019 கடைசியில், சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். 45,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "டிவோஸைப் போடுவம், மற்றதெல்லாம் அதோட வரும்" என்றார். பிள்ளைகளின் செலவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதுவும் அதோடு வரும் என்றார். விவாகச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். அது பூட்டின அலுமாரிக்குள் இருக்கிறது என்று நான் இரண்டு மாதம் அழுதுகொண்டு திரிந்தேன். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் ஒரு விண்ணப்பமும் சிறிய கட்டணமும் கொடுத்தால் பிரதி தருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். பிறகு அப்படித்தான் எடுத்தேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் அப்படியே. அதற்குள் 2020 மார்ச், கொரோனா ஊரடங்கு. திறந்த பிறகு போய்ப் பார்த்தால் வழக்கே பதியப்படவில்லை. காசும் திரும்பி வரவில்லை.

என்னைக் கரையேற்றியது பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேறு ஒரு அலுவலாகப் போன இடத்தில், விதானையார்தான், எங்கள் கிராம அலுவலர், அவவிடம் கூட்டிக்கொண்டு போனார். அவ என் கதையை முழுக்கக் கேட்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒரு கடதாசியில் மூன்று கோடு கீறினா. "இது அடி, இது சாப்பாடு, இது பிரிவு. மூன்றுக்கும் வேற வேற வழக்கு. ஒன்றுக்காக மற்றது காத்திருக்கத் தேவையில்லை" என்றா. அடிக்குப் பாதுகாப்புக் கட்டளை, நீதவான் நீதிமன்றம். சாப்பாட்டுக்குத் தாபரிப்பு, அதாவது மாதாமாதம் செலவுக்குக் காசு, அதுவும் நீதவான் நீதிமன்றம். பிரிவுக்கு விவாகரத்து, அது மாவட்ட நீதிமன்றம். எனக்கு அது வரைக்கும் எல்லாம் ஒரே கோட்ஸ், ஒரே வழக்கு, ஒரே சாமான். வீட்டை விட்டு இறங்கி 18 மாதம் கழித்து, 2020 ஆடியில்தான் தாபரிப்பு விண்ணப்பம் போட்டேன். பிறகு எனக்குக் கிடைத்த கட்டளையின்படி மாதம் 15,000 ரூபாய். 18 மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 2 இலட்சத்து 70 ஆயிரம். விண்ணப்பத்துக்கு முந்திய அந்த மாதங்களை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

தாபரிப்பு வழக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. விவாகரத்துக் கேட்காமலே கேட்கலாம், சேர்ந்து வாழ்ந்துகொண்டும் கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, 25 வயது வரைக்கும் தன் காலில் நிற்க முடியாத பிள்ளைக்கும், வலுவிழந்த பிள்ளைக்கும் கேட்க இடமிருக்கிறது. மனைவிக்கும் கேட்கலாம், ஆனால் தன்னைத் தாபரிக்க முடியாதவளாக இருக்க வேண்டும். நான் அப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்ததால் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டோம். ஒரு பிள்ளைக்கு 7,500. சட்ட உதவி ஆணைக்குழுவிலிருந்து வந்த சட்டத்தரணி, ஒரு இளம் அக்கா, என்னிடம் முதலில் கேட்டது கண்ணீர்க் கதையை அல்ல, "அவர் மாதம் எவ்வளவு உழைக்கிறார், அதை எப்படிக் காட்டப் போறீங்கள்?" என்பதைத்தான். கூலிக்கு ஓடுகிறேன், வருமானமில்லை என்று அவர் சொல்வார் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. அப்படியேதான் சொன்னார். லான்ட்மாஸ்டர் லீசிங் கடதாசியின் பிரதி, அவர் டிப்பரோடு நின்று முகநூலில் போட்ட படங்கள், மண் ஏற்றும் இடத்தில் அவருக்கு ஒரு லோட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற விபரம், இவ்வளவையும் நான் சேர்த்துக் கொடுத்தேன். பிள்ளைகளின் செலவையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னா. ரியூசன், சப்பாத்து, பஸ், மருந்து. எழுதத் தொடங்கின பிறகுதான் எனக்கே தெரிந்தது நான் எவ்வளவு கடன்பட்டு நிற்கிறேன் என்று.

மார்கழியில் கட்டளை கிடைத்தது. ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு நிறுத்திவிட்டார். நான் நான்கு மாதம் பேசாமல் இருந்தேன், பாவம் வருமானமில்லையாக்கும் என்று. அந்த அக்கா ஏசினா. கட்டளையை மீறினால் பிடியாணை எடுக்கலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரைக்கும் சிறை கொடுக்கவும் நீதவானால் முடியும். நிரந்தரச் சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்திலேயே கழிக்கச் செய்யலாம். பிடியாணை என்று தெரிந்த கிழமையே 60,000 ரூபாயும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றையிலிருந்து பாவம் பார்ப்பதை நிறுத்தினேன். பாவம் பார்த்தால் அது என் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்துப் பார்க்கிற பாவம்.

விவாகரத்துக்கு வருவோம். இந்த இடத்தில்தான் நான் இரண்டாவது பெரிய பிழையை விட்டேன். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. வன்னியிலும் அலுவலகங்கள் உண்டு. வருமானத்தைக் காட்ட விதானையாரின் கடிதத்தோடு போனால் பேசலாம். விவாகரத்துக்கும் அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் மாமா, "இலவசத்துக்கு வாற லோயர் டிவோசுக்கு எடுபடாது" என்றார். தாபரிப்பில் கண்ணால் கண்டும் நான் மாமாவின் சொல்லைக் கேட்டேன். தனியார் சட்டத்தரணி ஒருவரிடம் 2021 மாசியில் வழக்குப் போட்டோம். இந்த முறை பற்றுச்சீட்டுக் கேட்டேன், தந்தார்.

எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்தில் "இருவருக்கும் சரிவரவில்லை, பிரிகிறோம்" என்று விவாகரத்துக் கேட்க முடியாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிற காரணங்கள் மூன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஆளோடு தொடர்பு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிந்தாலும் ஒருவர் மற்றவரில் குற்றம் சொல்லி, அதைச் சாட்சியத்தால் காட்டித்தான் ஆகவேண்டும். எனக்கு வவுனியாத் தொடர்பை எழுதி அவரை நாறடிக்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. சட்டத்தரணி நிதானமாகச் சொன்னார், "அதைப் போட்டால் அந்தப் பெண்ணையும் இணை எதிராளியாகச் சேர்க்க வேணும், நிரூபிக்கிறதும் உங்கட வேலை, வழக்கு இழுபடும். கைவிட்டதைப் போடுவம்." அன்றைக்குக் கோபமாக இருந்தது. சரியான புத்தி அதுதான்.

ஆனால் கைவிட்டது யார்? வீட்டை விட்டு இறங்கியது நான். வழக்குக்கு அவர் கொடுத்த மறுமொழியில் அப்படியே எழுதியிருந்தது, "வழக்காளி தன் விருப்பத்தில் வீட்டை விட்டுச் சென்றார்" என்று. அதை வாசித்த அன்று பஸ்சுக்குள் அழுதேன், பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தால் மற்றவர் வெளியேற வேண்டி வந்தால், கைவிட்டவராகக் கொள்ளப்படுவது வெளியேற்றியவர்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட அத்தாட்சி வேண்டும். அந்த 11 நாள் பிந்திய முறைப்பாடும், அடுத்த வளவு அக்காவின் சாட்சியமும்தான் என்னைக் காப்பாற்றின. அந்த அக்கா கோட்சுக்கு வரச் சம்மதித்ததற்கு நான் சாகும்வரை கடமைப்பட்டவள். எங்கள் ஊரில் மற்றவர்களுடைய குடும்பப் பிரச்சினைக்குச் சாட்சி சொல்லப் போவது சின்ன விஷயமில்லை.

வழக்கை நான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போட முடிந்தது, அது ஒரு நிம்மதி. அழைப்பாணை கொடுப்பதுதான் பெரிய பாடு. இரண்டு முறை "அந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த தவணை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகும். எதிராளி இப்போது எங்கே படுக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்பதை வழக்குப் போடும் முன்பே சரியாக விசாரித்து வைத்திருந்தால் எனக்கு அரை வருடம் மிஞ்சியிருக்கும்.

கோட்ஸ் நாள் என்றால் என்னவென்று போகாதவர்களுக்குச் சொல்கிறேன். காலை 6 மணி பஸ், 9 மணிக்கு முன் வாசல், வாங்கில் இடம் பிடிப்பது, பெயர் கூப்பிடும்வரை காது கொடுத்திருப்பது. கூப்பிட்டால் இரண்டு நிமிடம். அடுத்த திகதி. வெளியே தேநீர்க் கடையில் அவரும் நிற்பார், நானும் நிற்பேன். ஒருமுறை எனக்கும் சேர்த்துத் தேநீர்க்காசு கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு தேநீர் இரண்டு கிழமை என்னைக் குழப்பியது. 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் பஸ் கிடைக்காமல் ஒரு தவணை தவறியது. சட்டத்தரணி போய் நின்றபடியால் வழக்குத் தள்ளுபடியாகவில்லை. வர முடியாவிட்டால் முதல் நாளே சட்டத்தரணிக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் காலத்தில் என் தலைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இது முழுக்கதை இல்லை. சாப்பாடு இறங்காது. இரவில் கிணற்றடியில் போய் நிற்பேன், சும்மா நிற்பேன். ஒருநாள் மகள் பின்னால் வந்து, ஒன்றும் பேசாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த நாளே பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போனேன். விசருக்கு மருந்தெடுக்கிறாள் என்று ஊர் சொல்லும் என்ற பயம் இருந்தது. சொல்லவும் செய்தது. ஆனால் நான் நித்திரை கொள்ளத் தொடங்கினேன். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் இருக்கிறது, தொலைபேசியில் பேச 1926 என்ற தேசிய மனநல இலக்கமும் இருக்கிறது. பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விஷயமென்றால் 1929. மகனுக்கு நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். "அப்பா வேலைக்குப் போயிருக்கிறார்" என்று இரண்டு வருடம் பொய் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை உண்மையைச் சொன்ன அன்று அவன் என்னோடு கதைக்கவேயில்லை. வயதுக்கு ஏற்றபடி நாங்களே சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் காசுக் கணக்கு. முதல் சட்டத்தரணிக்குப் போனது 45,000. இரண்டாவதில் வழக்குப் போட 50,000. விவாகரத்து வழக்குக்கு 23 தவணை, தவணைக்கு 3,000 வீதம் 69,000. அழைப்பாணை, பிரதிகள், சத்தியக்கடதாசி என்று 11,000. இதுவே 1 இலட்சத்து 75 ஆயிரம். தாபரிப்புக்குப் போன 11 நாளையும் சேர்த்து 34 நாள் வேலைக்குப் போகவில்லை. நாட்சம்பளமும் வரவுக் கொடுப்பனவும் போனதில் ஒரு நாளைக்கு 1,500 என்று வைத்தால் 51,000. பஸ் காசை எழுதவில்லை. ஏறக்குறைய 2 இலட்சத்து 26 ஆயிரம் ரூபாய், அதில் பாதிக்கு மேல் செலவழிக்காமலே இருந்திருக்கலாம்.

காணி விஷயம் தனிச் சிக்கல். எனக்கு அம்மா சீதனமாக எழுதின அரை ஏக்கர் உறுதிக்காணி இருக்கிறது. கடனை அடைக்க அதில் ஒரு துண்டை விற்போம் என்று நொத்தாரிசிடம் போனால், "உங்கட அவரின்ர கையெழுத்து வேணுமே" என்றார். அடித்துத் துரத்தினவருடைய கையெழுத்து! வடக்குத் தமிழருக்கு இருக்கும் தேசவழமை என்ற வழமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைகள் சட்டத்தின்படி மனைவியின் சீதனக் காணி அவளுடையதுதான், ஆனால் உயிரோடிருக்கும்போது அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, காரணமில்லாமல் சம்மதிக்க மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி வாங்கலாம். எனக்கு இன்னொரு வழக்குக்குத் தெம்பில்லை. விவாகரத்து முடியும்வரை வட்டி கட்டினேன்.

வீடு இருக்கிற காணியோ அரச காணி, அனுமதிப்பத்திரம் அவர் பெயரில். வன்னியில் நிறையப் பேருக்கு இதுதான் நிலை. உறுதிக்காணிபோல் அதைப் பாதி பாதியாகப் பிரிக்க முடியாது, அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கை மாறாது. அவர் வவுனியாவோடு போய்விட்டதால் நாங்கள் திரும்ப வீட்டுக்குள் வந்தோம். பிள்ளைகளைப் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரியவர்களாக, பதிவதற்கு அவர் சம்மதித்தார், பதிந்தோம். அவர் நினைத்தால் மாற்றவும் முடியும் என்று தெரியும். மீள்குடியேறிய நேரத்தில் கடதாசியில் யார் பெயர் என்று பார்த்துச் சண்டை பிடிக்க எங்களுக்கு ஏது நேரம்? இன்று கல்யாணம் கட்டுகிற பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். நகைக்கும் அதேதான். என் 12 பவுனில் 7 அடகில் போனது, அடகுச் சீட்டு அவர் பெயரில். கல்யாணப் படங்கள் போரில் போனதால் எது என்னுடையது என்று காட்டவே வழியில்லை.

2022 கார்த்திகையில் அவர் இனி எதிர்க்கவில்லை என்றார். ஏனென்று கேட்கவில்லை, கேள்விப்பட்டேன். நான் கூண்டில் ஏறிப் பத்து நிமிடம் சாட்சியம் சொன்னேன். 2023 மாசியில் தீர்ப்பு. அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முடியவில்லை. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் போன பிறகு அதை முற்றாக்க வேண்டும், அதுவரைக்கும் சட்டப்படி நான் அவருடைய மனைவிதான். ஆனியில் முற்றான கட்டளை கையில் வந்தது. அதில் ஒரு குறை கண்டேன். எனக்கென்று நிரந்தரத் தாபரிப்புக் கேட்கலாம் என்பது வழக்கு எழுதும்போதே சேர்த்திருக்க வேண்டியது. நான் வேலைக்குப் போகிறவள்தானே என்று விட்டுவிட்டோம். பிள்ளைகளின் தாபரிப்புக் கட்டளை அப்படியே தொடர்கிறது, விவாகரத்து அதைத் தொடுவதில்லை.

கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி மூன்று எடுத்தேன். ஒன்றைக் கொண்டுபோய் நொத்தாரிசிடம் கொடுத்து, காணித் துண்டை விற்றேன். கையெழுத்து ஒன்றே ஒன்றுதான், என்னுடையது. அந்தக் காசோடு நேராக லீசிங் கந்தோருக்குப் போனேன், விவாகரத்தான படியால் என் பிணை போய்விட்டதோ என்று ஒரு நப்பாசை. அங்கே இருந்த பிள்ளை கடதாசியைத் திருப்பிக் காட்டியது. 2018இல் நான் வாசிக்காமல் வைத்த கையெழுத்து அப்படியே இருந்தது. லான்ட்மாஸ்டர் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, நிலுவையை நான் கட்டுகிறேன். இன்னும் நான்கு தவணை இருக்கிறது. பற்றுச்சீட்டுகளை அந்தப் பழைய சொப்பிங் பைக்குள்தான் போட்டு வைக்கிறேன், பை இப்போது மகளின் அலுமாரியில்.